குறுங்காட்டு வாசலில் ஒரு ஜோடி செருப்பு

ஜூன் 29, ஞாயிறு

திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறி விடுதிக்கு வந்து சேர்வதற்குள் இடுப்பு போயிற்று. அறையைத் திறந்தால், வடிவு எனக்கு முன்பே வந்து என் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக் கருப்பட்டி மிட்டாய் தின்றுகொண்டிருக்கிறாள். அவள் கட்டில் நிறைய அவளுடைய மூட்டை முடிச்சு. பச்சைத் துண்டு, சிவப்பு வாளி, இலவம்பஞ்சுத் தலையணை என்று அவள் அம்மா கட்டிக்கொடுத்த அத்தனையும்.

முழுப்பெயர் சண்முகவடிவு. உடன்குடிப் பக்கம். போன வருடம் எம்.எஸ்ஸி. சுற்றுச்சூழலியலில் சேர்ந்த அன்று எங்கள் இருவரையும் இந்த அறையில் போட்டார்கள். அன்றிலிருந்து என் பொறுமையைச் சோதிப்பது அவளுக்கு முழுநேர வேலை. எனக்கு ஒரு பொருள் வைத்த இடத்தில் இருக்கவேண்டும். அவளுக்குக் கண்ட இடம் எல்லாம் பொருள் வைக்கிற இடம்.

"என்னட்டி தமா, வந்ததும் வராததுமா மூஞ்சியத் தூக்குத? இந்தா, மிட்டாய் தின்னு."

கூடவே இந்த நோட்டையும் தந்தாள். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த பழைய தாள்களைச் சேர்த்து, மறுபக்கம் எழுதுவதற்கு வாகாக அவளே ஊசிநூல் கொண்டு தைத்தது. "தினமும் எழுது. என்னையப் பத்தி நல்ல விதமா எழுது, கேட்டியா?" என்றாள். எழுதுகிறேன். ஆனால் எழுதியதைத் திரும்பப் படிக்கிற ஆள் நான் இல்லை. அரைத்த மாவையே அரைப்பதற்கு எனக்கு நேரம் கிடையாது.

ஜூலை 5, சனி

இந்த வருடத்தின் முதல் களையெடுப்பு.

எங்கள் பசுமை மன்றத்துக்கு மூன்று வேலை. மெஸ் கழிவை உரமாக்கும் குழி எங்கள் வகுப்பு இசக்கிமுத்துவின் பொறுப்பு. வேண்டாத பொருளை வைத்து வேண்டியதை எடுத்துப் போகும் 'எடுத்துக்கோ அலமாரி' என் பொறுப்பு. நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் குறுங்காடு வடிவின் பொறுப்பு. கூடைப்பந்து மைதானம் அளவுக்கு இடத்தில் நாவல், புங்கன், இலுப்பை, நீர்மருது, நொச்சி என்று கை எட்டும் இடைவெளியில் போன வருடம் நாங்கள்தான் நட்டோம். மூன்று பக்கம் வேலிக்கம்பி, நான்காவது பக்கம் மதில்.

விடுமுறையில் ஒன்றரை மாதம் பார்க்கவில்லை. அதற்குள் நூலகத்தின் முதல் மாடி ஜன்னலை எட்டிவிட்டது. இசக்கி அண்ணாந்து பார்த்தபடியே நின்றான்.

"ரெண்டு வருஷத்துல வர வேண்டிய வளத்தி இது. என்னத்த ஊத்துன வடிவு?"

"பாசத்த ஊத்துனேன்ல," என்றாள்.

உள்ளே போகச் செருப்பைக் கழற்றவேண்டும். சருகும் வைக்கோலும் பரப்பி மூடாக்குப் போட்ட மண் பஞ்சு மாதிரி இருக்கும்; செருப்புக்கால் பட்டால் இறுகிவிடும் என்பது வடிவு வைத்த சட்டம். அதில் இன்னொரு வசதியும் உண்டு. காடு அடர்த்தி என்பதால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து தெரியாது. செருப்பைப் பார்த்தால் போதும். செருப்பு எல்லாம் போய்விட்டால் ஆள் எல்லாம் வெளியே வந்தாயிற்று என்று அர்த்தம். வடிவுக்கு ஒரு கிறுக்கு உண்டு. எல்லோரும் காட்டைப் பார்த்துக் கழற்றிப் போட்டிருக்கும் செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைப்பாள்.

"வெளிய வாரவுகளுக்கு வழி தெரியணும்லா," என்பாள். அவள் செருப்பு மட்டும் கடைசியில் எப்படியாவது கிடக்கும். பழுப்புத் தோல், பெருவிரல் வார் அறுந்து சிவப்பு நூலால் தைத்தது. அதை நான் திருப்பி வைப்பேன்.

அவள்தான் கடைசியாக வெளியே வந்தாள். பிடுங்கிய களைகளை எப்போதும்போல வேரெல்லாம் ஒரே பக்கம் வருகிற மாதிரி கீரைக்கட்டாக அடுக்கிக் கொண்டுவந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"தமா, உள்ள நேரா நடந்தேன்டி. அந்தப் பக்கத்துச் சொவரு வரவே இல்ல."

"வளைஞ்சு வளைஞ்சு நடந்திருப்ப."

"இல்லட்டி, நேராத்தான் போனேன். ஒரு சத்தமும் கேக்கல. நீங்க பேசுததும் கேக்கல."

பசி மயக்கம் என்று சொல்லி மெஸ்ஸுக்கு இழுத்துப் போனேன். சேமியா உப்புமா. அதைப் பார்த்ததும் காட்டைப் பற்றிய பேச்சே போய்விட்டது.

ஜூலை 9, புதன்

பசுமை வளாக விருதுக்கு எங்கள் பல்கலைக்கழகம் இறுதிச் சுற்றுக்கு வந்திருக்கிறதாம். ஆகஸ்டில் பார்வைக்குழு வருகிறது. மன்றத்தின் பொறுப்பாசிரியர் லூர்துசாமி சார் காலையிலேயே கூப்பிட்டுவிட்டார்.

"என்னம்மா தமயந்தி, வளாகத்துல ஒரு பொருள் அநாதையா கிடக்கக் கூடாது. அவங்க கண்ணுல குப்பைன்னு ஒண்ணு படக் கூடாது."

இதை என்னிடமா சொல்லவேண்டும்? கேட்பாரற்றுக் கிடக்கும் பொருள் ஒரு வாரத்துக்குமேல் கிடந்தால் நேராக என் அலமாரிக்கு வரும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டேன். தண்ணீர் போத்தல், குடை, ஒற்றைக் கம்மல் எதற்கும் விலக்கு இல்லை. வடிவு பார்த்துவிட்டு, "நான் ஒரு வாரம் அசையாம படுத்துக் கெடந்தா என்னையும் தூக்கி அதுல வச்சிருவ," என்றாள்.

ஜூலை 13, ஞாயிறு

வடிவின் அம்மா ஞாயிறுதோறும் என் போனுக்குத்தான் கூப்பிடுவார். மகள் போனில் என்றைக்கும் சார்ஜ் இருந்ததில்லை. நான் 'அத்தை' என்றுதான் பதிந்து வைத்திருக்கிறேன். எனக்குச் சொந்த அத்தை கிடையாது, அப்பாவுக்கு உடன்பிறந்த பெண்கள் இல்லை.

"ஏம்மா மருமவளே, ரெண்டு பேரும் சாப்ட்டியளா? அவ தலைக்கு எண்ண வைக்காளா?"

"எங்கத்த? எண்ணெயைப் பூரா தலையணைக்குத்தான் வைக்கிறா."

வடிவு போனைப் பிடுங்கிக்கொண்டு அரைமணி நேரம் பேசினாள்.

மன்றத்தில் புதிதாக ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். ஜெசிந்தா, முதலாம் ஆண்டு, மணப்பாடு. வாய் ஓயாது. செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டு திரிகிறாள்.

ஜூலை 19, சனி, காலை

நேற்று குளியலறைத் தகரக்கதவில் பாதம் கிழிந்துவிட்டது. அதனால் இன்று நான் காட்டுக்குள் போகவில்லை. வெளியே கல்லில் உட்கார்ந்து செருப்புக்குக் காவல். சும்மா இருப்பானேன் என்று நோட்டை எடுத்தேன்.

லேசான சாரல். எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். ஜெசிந்தாவின் சிரிப்பு கொஞ்ச தூரம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. வடிவு எல்லாச் செருப்பையும் திருப்பி வைத்துவிட்டாள். கடைசியாகத் தன்னுடையதைக் கழற்றிப் போட்டாள், வழக்கம்போலக் காட்டைப் பார்த்து.

"இன்னைக்கு அந்தச் சொவத்தத் தொட்டுட்டுத்தான் வருவேன். ஏட்டி, என் செருப்பத் திருப்பி வையி."

"வைக்கிறேன், போ."

போகிறாள். பச்சைத் துண்டைத் தலையில் கட்டியிருக்கிறாள். தாமதமாக வந்த இசக்கி தண்ணீர் கேட்கிறான். இந்த வரியை முடித்துவிட்டு எழுந்திருக்கவேண்டும்.

ஜூலை 19, இரவு

களையெடுப்பு நன்றாக முடிந்தது. எல்லோரும் வெளியே வந்தாயிற்று. பெயர் பெயராகப் பார்த்தேன், ஒருவர் குறையவில்லை. ஆனால் ஒரு ஜோடி செருப்பு மிச்சம். பழுப்புத் தோல். பெருவிரல் வார் சிவப்பு நூலால் தைத்தது. காட்டைப் பார்த்துக் கிடந்தது.

"யாருதுப்பா இது?"

யாருடையதும் இல்லை. எல்லோர் காலிலும் செருப்பு இருக்கிறது. தோட்டவேலை பார்க்கிறவர்கள் யாராவது விட்டுப் போயிருப்பார்கள் என்றான் இசக்கி. தொடாமல் வந்துவிட்டேன். வேலிக் கம்பியில் ஒரு பச்சைத் துண்டும் சிக்கித் தொங்கியது. நனைந்துகொண்டிருந்ததே என்று அதை எடுத்துவந்தேன்.

இரவு மெஸ்ஸில் இரண்டு தட்டு எடுத்து வந்து உட்கார்ந்திருக்கிறேன். எதிரில் யாருமில்லை. கூட வந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

இரண்டு பேர் தங்கும் அறையை எனக்கு ஒருத்திக்கு எப்படிக் கொடுத்தார்கள் என்று இன்றுதான் யோசித்தேன். நானே வார்டனிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருப்பேன். எனக்குத்தான் அடுத்தவர் தொந்தரவு ஆகாதே.

மதியம் போன் அடித்தது. திரையில் 'அத்தை' என்று வந்தது. எந்த அத்தை? எனக்குத்தான் அத்தையே கிடையாதே.

"ஏம்மா, சாப்ட்டியளா?" என்றது ஒரு பெண் குரல். வயதான குரல், அன்பான குரல்.

"சாப்பிட்டேம்மா. நீங்க யாரு பேசறது?"

ஊரில் எங்கோ காற்று அடிப்பது மட்டும் கேட்டது.

"நம்பரு தெரியாம போட்டுட்டேன் போல. ஞாயித்துக்கெழமன்னா கை தானா போட்டுருது. வைக்கேன்மா."

வைத்தபிறகும் போனைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தேன். நெஞ்சு கனத்தது. காரணம் தெரியவில்லை. மதியச் சாப்பாட்டில் மொச்சை, அதனாலும் இருக்கலாம்.

ஜூலை 23, புதன்

அறையை ஒழித்தேன். எதிர்க்கட்டிலில் முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன சாமான் எவ்வளவு கிடக்கிறது! இவ்வளவு நாள் எப்படிப் பொறுத்தேனோ. சிவப்பு வாளி, நான்கு சுடிதார், வார் போன பை, பாதி தின்ற கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலம். மிட்டாயில் எறும்பு ஏறவில்லை. ஒன்று எடுத்து வாயில் போட்டேன். புதுசாக இருந்தது.

எல்லாவற்றையும் துவைத்துக் காயவைத்து அலமாரிக்குக் கொண்டுபோனேன். ஒவ்வொன்றிலும் 'நல்ல நிலையில் உள்ளது, எடுத்துக்கொள்ளலாம்' என்று என் கையால் சீட்டு எழுதி ஒட்டினேன். பச்சைத் துண்டையும் வைத்துவிட்டேன். தலையணையை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு வாடை, எனக்கு ஒத்துவராத வாடைதான். ஆனாலும் முகத்தை அதில் புதைத்துக்கொண்டு ரொம்ப நேரம் படுத்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

இப்படியெல்லாம் என்னை எழுத வைக்கிறது இந்த நோட்டு. யார் தைத்துக் கொடுத்தார்களோ, தையல் மட்டும் நல்ல உறுதி.

ஜூலை 24, வியாழன்

தலையணையையும் அலமாரியில் வைத்துவிட்டேன். ஒரு பழந்தலையணைக்கு விதிவிலக்குக் கொடுத்தால் பிறகு எல்லாவற்றுக்கும் கொடுக்கவேண்டி வரும்.

ஜூலை 26, சனி

கால் ஆறிவிட்டது. இன்று களையெடுக்கப் போனால், காட்டின் வாசலிலேயே களை குவிந்து கிடக்கிறது. இப்போதுதான் பிடுங்கியது, வேரில் ஈரமண் ஒட்டியிருக்கிறது. வேரெல்லாம் ஒரே பக்கம். கீரைக்கட்டு மாதிரி அழகாக அடுக்கியிருக்கிறது.

"யாரு நமக்கு முன்னாடி வந்தது?" என்றேன்.

யாரும் வரவில்லை. வேலைத்தலத்தில் இப்படிச் சொல்லாமல் உதவுகிறவர்கள் இருந்தால் நல்லதுதான் என்றார் லூர்துசாமி சார். எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் அந்தக் கட்டைக் கலைக்காமல் அப்படியே ஓரமாக எடுத்து வைத்தேன்.

ஜெசிந்தா உள்ளே போன வேகத்தில் வெளியே ஓடிவந்தாள்.

"அக்கா, உள்ள யாரோ முனகுற மாதிரி பாட்டு."

"காத்தா இருக்கும்."

"காத்து எங்கக்கா இருக்கு? ஒரு இல ஆடலியே."

நான் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தேன். மண் சில்லென்று இருந்தது. திரும்பிப் பார்த்தால் வாசல் நான் நினைத்ததைவிடத் தூரத்தில், ஜன்னல் அளவுக்குத் தெரிந்தது. நான் நடந்தது பத்தடிகூட இருக்காது. உடனே வந்துவிட்டேன். பயந்தேன் என்று இங்கே எழுதலாம், யார் பார்க்கப்போகிறார்கள்?

அந்தப் பழுப்புச் செருப்பு போன வாரம் கிடந்த மாதிரியே காட்டைப் பார்த்துக் கிடக்கிறது. மழையில் ஊறித் தோல் கறுத்துவிட்டது.

ஜூலை 27, ஞாயிறு

மறுபடியும் அந்த 'அத்தை'. எடுக்காமல் விட்டிருக்கலாம். எடுத்தேன்.

"நீதானம்மா அன்னைக்குப் பேசுனது? கோவிச்சுக்காத. ஒரு சங்கதி கேக்கணும்னு இருந்துச்சு. ஒங்கிட்ட ஏன் கேக்கணும்னு தெரியல."

"சொல்லுங்கம்மா."

"பரண ஒதுக்கினேன். மேல ஒரு பொட்டி நெறைய சின்னப் புள்ள பாவாட சட்ட கெடக்கு. கொலுசு ஒண்ணு கெடக்கு. எனக்கு ரெண்டும் பயலுவ. பொம்பளப் புள்ள கெடயாது. அது யாருதா இருக்கும்?"

வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள், பயன்படும் பொருளைப் பூட்டி வைக்கக்கூடாது என்றேன். மன்றத்தில் எல்லோருக்கும் சொல்கிற வசனம்தான் வாயில் வந்தது.

"அதத்தான் மனசு கேக்க மாட்டேங்கு," என்று அழுதார். நான் இந்தப் பக்கம் அழுதேன். முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரு போனின் இரண்டு முனையில் எதற்காக அழுதோம்?

ஜூலை 29, செவ்வாய்

பார்வைக்குழுவுக்கு முன்னோட்டமாக லூர்துசாமி சார் வளாகத்தைச் சுற்றினார். காட்டு வாசலில் செருப்பைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? வர்றவங்க இங்கதான் போட்டோ எடுப்பாங்க."

ஒரு வாரத்துக்குமேல் கிடக்கிறது. சட்டம் போட்டவள் நான். குனிந்து எடுத்தேன். அந்த நிமிடம் காட்டுக்குள் ஏதோ கிளை முறிகிற சத்தம் வந்தது. இசக்கி, "இருக்கட்டுமே தமயந்தி, யாராச்சும் தேடி வந்தா?" என்றான். யார் வரப்போகிறார்கள் என்று கேட்டேன்.

கழுவி, எண்ணெய் தடவி, சீட்டு ஒட்டி வைத்துவிட்டேன். சிவப்புத் தையலைத் துடைக்கும்போது மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது.

ஜூலை 30, புதன்

நன்றாகத் தூங்கினேன். எதிர்க்கட்டில் வேண்டாம், எடுத்துவிடலாம் என்று வார்டனிடம் எழுதிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

இன்று நான் செய்தது எனக்கே விளங்கவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் காட்டுக்குப் போனோம். களைக்கட்டு இல்லை. வாசலே சின்னதாகிவிட்ட மாதிரி, நொச்சி இரண்டு பக்கமும் வந்து அடைத்திருந்தது. பாட்டு கேட்கிறதா என்று ஜெசிந்தாவிடம் கேட்டேன். "எந்தப் பாட்டுக்கா?" என்றாள்.

அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன். பழுப்புச் செருப்பு. சிவப்புத் தையல்.

"கழட்டு!" என்று கத்தினேன்.

"அக்கா, அலமாரியிலதான எடுத்தேன். நீங்கதான் சீட்டு..."

"கழட்டுடி அத! யாரு செருப்புக்குள்ள யாரு கால விடுற?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இசக்கி என் தோளைத் தொட்டான், தட்டிவிட்டேன். ஜெசிந்தா அழுதுகொண்டே கழற்றினாள். அந்தச் செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். மற்றவர்கள் எதிரில், ஒரு பழஞ்செருப்பை!

பிறகு அதைக் காட்டு வாசலில் இருந்த இடத்திலேயே கொண்டு வைத்தேன். வைத்ததும் ஏதோ சரியில்லை என்று பட்டது. காட்டைப் பார்த்து இருந்தது. வெளியே வருகிறவர்களுக்கு வழி தெரியவேண்டும் என்று யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. முகம் வரவில்லை. திருப்பி, வெளிப்பக்கம் பார்த்து வைத்தேன்.

"இத எவனும் தொடக்கூடாது. சார் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ரயில் சந்திப்புக் கடைத்தெரு வரை போய் ஜெசிந்தாவுக்குப் புதுச்செருப்பு வாங்கி வந்தேன். வெள்ளை, மேலே மஞ்சள் பூ வைத்தது. கடைக்காரரிடம் பேரம் பேசித் தொண்டை வறண்டது. கொடுத்ததும் நேற்றுக் கத்தியதையே மறந்துவிட்டாள். "செருப்பு வாங்கிக் குடுத்த மொத ஆளு நீங்கதான்க்கா," என்று இரண்டையும் கையில் மாட்டிக்கொண்டு தட்டிக் காட்டினாள். நல்ல பெண். இனி அவளிடம் குரலை உயர்த்தக்கூடாது.

ஆகஸ்ட் 4, திங்கள்

வடிவோடு இன்று பெரிய சண்டை.

காலையில் எழுந்து பார்த்தால் அறை முழுக்கச் சேற்றுக்கால் தடம். கதவிலிருந்து அவள் கட்டில் வரைக்கும். வெறும் கட்டிலில் சுருண்டு படுத்திருக்கிறாள். தலைமுடி நிறைய நொச்சி இலை. கால்விரல் இடுக்கெல்லாம் மண். கட்டிலுக்கு அடியில் அவளுடைய பழுப்புச் செருப்பு.

"ஏண்டி, கால் கழுவிட்டு வரமாட்ட?"

"முதுவு ஒடியுது தமா. எம்புட்டு நேரம் களை பிடுங்குனேன்னு தெரியல. பிடுங்கப் பிடுங்க வந்துகிட்டே இருக்கு." குரல் கம்மியிருந்தது. "என் தலவாணிய எங்க?"

தலையணை இல்லை. வாளி இல்லை, துண்டு இல்லை, சுடிதார் ஒன்றுகூட இல்லை. எல்லாம் விடுதித் தாழ்வாரத்தில் என் அலமாரியில் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் சீட்டு. இரண்டு சுடிதாரை யாரோ எடுத்துப் போயே விட்டார்கள். நான் ஏன் அப்படிச் செய்தேன்? சத்தியமாகத் தெரியவில்லை. மிச்சமிருந்ததைச் சீட்டோடு அள்ளிக்கொண்டு வந்து அவள் முன்னால் போட்டேன்.

"என் சாமானப் பூரா ஊருக்குத் தானம் பண்ணிருக்கியே, நான் என்ன செத்தா போயிட்டேன்?"

வேடிக்கையாகக் கேட்கவில்லை. எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அவளைக் கட்டிக்கொண்டு, மன்னிச்சிரு மன்னிச்சிரு என்று அவள் கழுத்தில் முகத்தை வைத்து அழுதேன். தினமும் பார்க்கிறவளை இத்தனை ஆவேசமாகக் கட்டிக்கொள்வானேன்? அவள் உடம்பு குளத்துத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அல்லாத நாளில் அத்தை கூப்பிட்டார். "அவகிட்டக் குடு, அவகிட்டக் குடு" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. வடிவு போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அழாதம்மா. என்னம்மா ஆச்சு? இங்கனதான இருக்கேன்," என்று வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எதிர்க்கட்டிலை எடுக்க ஆள் வந்தது. யாரோ தவறாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று திருப்பி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 9, சனி, காலை

திங்கட்கிழமை பார்வைக்குழு. கடைசிக் களையெடுப்பு.

வடிவு இந்த வாரம் முழுக்கக் காட்டுப் பக்கமே வரவில்லை. இன்று வந்தாள். உள்ளே போகமாட்டேன் என்று என் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்திருக்கிறாள். காலில் இரண்டு சாக்ஸ் போட்டும் குளிர்கிறதாம். ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டால், "தெரியல, கால் போவ மாட்டேங்கு," என்கிறாள். எல்லாச் செருப்பையும் மட்டும் திருப்பி வைத்துவிட்டாள்.

ஜெசிந்தா எல்லோருக்கும் பின்னால் மூச்சிரைக்க ஓடிவருகிறாள். மஞ்சள் பூ மின்னுகிறது. "பிளாஸ்டிக் பை ஒண்ணு பறந்து உள்ள போயிருச்சுக்கா, சொவத்துப் பக்கம் கெடக்கும். எடுத்துட்டு வந்துருதேன்!" செருப்பைக் கழற்றி வீசிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். ஒன்று குப்புற, ஒன்று காட்டைப் பார்த்து.

வடிவு அதைத் திருப்ப எழுந்தாள். லூர்துசாமி சார் எங்கள் இருவரையும் கூப்பிடுகிறார், பெயர்ப்பலகை கோணலாக இருக்கிறதாம். போய்விட்டு வருகிறோம்.

ஆகஸ்ட் 9, சாயங்காலம்

நல்லபடியாக முடிந்தது. எல்லோரும் வெளியே வந்தாயிற்று. பெயர் பெயராகப் பார்த்தேன். ஒருவர் குறையவில்லை.

ஒரு ஜோடி செருப்பு மிச்சம். வெள்ளை. மேலே மஞ்சள் பூ. புதுசு, அடியில் தேய்மானமே இல்லை. யாருடையது என்று கேட்டேன். யாருடையதும் இல்லை. இதே மாதிரி ஒன்றுக்கு நான் எங்கோ தொண்டை வறளப் பேரம் பேசிய ஞாபகம். யாருக்காக என்று வரவில்லை.

சார் கடிகாரத்தைப் பார்த்தார். "திங்கட்கிழமை வர்றாங்கம்மா. எடுத்து அலமாரியில வச்சிரு." குனிந்தேன்.

வடிவு என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல் ஐந்தும் ஐஸ்.

"தொடாத தமா."

"யாருதுன்னே தெரியலயேடி."

"யாருதாவும் இருக்கட்டும். அங்கனயே கெடக்கட்டும். அவுகளுக்கு வெளிய வரும்போது வேணும்லா."

அவள் முகத்தைப் பார்த்தேன். எதையோ நினைத்துப் பார்க்க முயன்று முடியாமல் நிற்கிற முகம். என்னுடையதும் அப்படித்தான் இருந்திருக்கும். சாரிடம், இது இங்கேதான் இருக்கும் சார், விருது போனாலும் போகட்டும் என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

வடிவு குப்புறக் கிடந்ததை நிமிர்த்தினாள். நான் இரண்டையும் சேர்த்து, வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்தேன். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. புதுச்செருப்பு, நனைந்தால் பூ சாயம் போய்விடும். என் குடையை விரித்து அதன்மேல் கவிழ்த்துவிட்டு, நாங்கள் இருவரும் நனைந்துகொண்டே அறைக்கு வந்தோம்.